நான்காவது மூடி

செப்டம்பர் 16, திங்கள்

உரக்கடையில் கொடுத்த டைரி ஜனவரியிலிருந்து சும்மா கிடந்தது. இன்று முதல் எழுதுகிறேன். ஐந்தாம் வகுப்போடு என் படிப்பு முடிந்தது, எழுத்து கோணல்மாணலாக இருக்கும். இருக்கட்டும். இந்த வீட்டில் பேச்சு மாறுகிறது. நேற்றுச் சொன்னதை இன்று சொல்லவே இல்லை என்கிறார்கள். எனக்கு எல்லாம் ஞாபகம் இருக்கிறது. உன் ஞாபகத்துக்கு யார் சாட்சி என்று கேட்கிறான் என் மகன் கதிரேசன். இனி இதுதான் சாட்சி.

விஷயம் வண்டி. அக்டோபர் 21-ஆம் தேதியோடு நம் காரின் ஆர்.சி. முடிகிறது. முப்பது வருஷம் ஓடிய வண்டி. பிரேக் இன்ஸ்பெக்டரிடம் காட்டிப் பாஸானால் இன்னும் ஐந்து வருஷம் ரோட்டில் ஓடலாம். இல்லையென்றால் காயலான் கடை. கதிரேசன், காட்டவே வேண்டாம், புது வண்டி எடுத்துவிடலாம் என்கிறான். அதற்காகக் கீழ்த் தோட்டத்தை, மதுரையிலிருந்து வந்து ரிசார்ட் கட்டுகிறவனுக்குக் கொடுத்துவிடலாமாம். அந்த ஒன்றரை ஏக்கரில் ஒவ்வொரு காப்பிச் செடிக்கும் குழி வெட்டியது நானும் கதிரேசனின் அப்பாவும். மருமகள் சகுந்தலா தலை நிமிராமல் கீரை ஆய்ந்துகொண்டிருந்தாள். அவள் பேசவில்லை என்றால் அவளுக்குச் சம்மதம் என்று அர்த்தம். இருபத்தோரு வருஷமாகப் பார்க்கிறேன்.

மேலத்தெரு வாத்தியார் புது வண்டி வாங்கினார். மலை ரோட்டில் பத்தாம் வளைவில், மழையில், உள்ளே ஏதோ மஞ்சள் விளக்கு எரிந்ததாம். வண்டி நின்றுவிட்டது. கம்ப்யூட்டரோடு ஆள் வர இரண்டு நாள். அதுவரை பஸ்ஸெல்லாம் அதை ஒட்டி உரசிக்கொண்டு போனது. நம் வண்டி எங்கே நின்றாலும் ஒரு ஸ்பானரும் கொஞ்சம் கம்பியும் போதும். கதிரேசனின் அப்பா இருந்தவரை அப்படித்தான் இருபது வருஷம் ஓடியது.

"பாஸாச்சுன்னா தோட்டமும் இருக்கணும், வண்டியும் இருக்கணும். ஆகலைன்னா நானே வந்து கையெழுத்துப் போடுறேன்" என்றேன்.

"எழுதித் தர்றியா?" என்று சிரித்தான்.

எழுதிவிட்டேன். இதுதான்.

செப்டம்பர் 19, வியாழன்

அவருடைய வண்டி நோட்டைப் பெட்டியிலிருந்து எடுத்து வெயிலில் வைத்தேன். நீல அட்டை. தேதி, கிலோமீட்டர், செய்த வேலை, கடைசியில் 'கை' என்று ஒரு கட்டம். யார் கை வைத்து அந்த வேலையைச் செய்தார்களோ அவர்கள் பெயர் அதில் இருக்கும். ஒரு போல்ட்டை முடுக்கினாலும் எழுதுவார். "தப்பு வந்தா யாரைக் கேக்குறதுன்னு தெரியணுமில்ல" என்பார். பெரும்பாலும் 'கை: சவரி', சில இடத்தில் 'கை: நான்'. கடைசிப் பக்கத்தில் ஒரு வரியில் மட்டும் கை காலி. அன்றைக்கு அவருக்குக் காய்ச்சல், விட்டுப்போயிருக்கும்.

நோட்டைப் பார்க்காமலே எனக்குத் தெரியும். தொண்ணூற்றெட்டு மாசியில் ரேடியேட்டர். இரண்டாயிரத்து மூன்றில் கிளட்ச் பிளேட், கதிரேசன் கல்யாணத்துக்கு முதல் வாரம், பெண் வீட்டுக்காரர்கள் வண்டி அனுப்புகிறோம் என்று சொல்லி அனுப்பவில்லை. அதுவும் ஞாபகம் இருக்கிறது.

செப்டம்பர் 24, செவ்வாய்

வத்தலக்குண்டு பட்டறையில் வண்டி நான்கு நாளாக நிற்கிறது. டிங்கர் வேலை முடிந்தது. கதவின் அடியில் துரு தின்ற இடத்தில் தகடு வைத்துவிட்டார்கள். ஹாரன், விளக்கு, வைப்பர் எல்லாம் சரி. பிரேக்குக்கு உள்ளே போடுகிற ரப்பர் செட்தான் கிடைக்கவில்லை. இந்த வண்டிக்கு அது வருவதே நின்று பல வருஷம் ஆகிவிட்டதாம். மதுரையில் கேட்டார்கள், திண்டுக்கல்லில் கேட்டார்கள். பழைய ஸ்டாக் வைத்திருக்கிற ஒரே ஆள் மலையிலேயே இருக்கிறான், உங்கள் ஊர்க்காரன்தான் என்று பட்டறைக்காரர் சொன்னாராம்.

கதிரேசன் தயங்கித் தயங்கிச் சொன்னான். "சவரி சித்தப்பாகிட்ட ஒரு வார்த்தை கேட்டா..."

என் உயிர் இருக்கிறவரை கிடையாது என்றேன்.

யாராவது பின்னால் படித்தால் தெரிய வேண்டும் என்பதற்காக எழுதுகிறேன். சவரிமுத்து நம் வண்டியின் மெக்கானிக். எங்கள் ஊர் கூட்டுக்கல்லில், பஸ் திரும்பும் இடத்தில் பட்டறை வைத்திருந்தான். அவரை அண்ணன் என்பான், என்னை மதினி என்பான். என் கையால் எத்தனை வேளை சாப்பிட்டிருப்பான் என்று எனக்குக் கணக்குத் தெரியும், சொல்லவில்லை. பதினோரு வருஷத்துக்கு முன்னால், இதே புரட்டாசியில், பிரேக் வேலை செய்து வண்டியைக் கொடுத்தான். அக்டோபர் 22, செவ்வாய்க்கிழமை, அவர் தனியாக மலை இறங்கினார். ஏழாம் வளைவில் பிரேக் பிடிக்கவில்லை. பள்ளத்துப் பக்கம் விடாமல் மலைப் பக்கம் திருப்பி, சவுக்கு மரத்தில் மோதி நிறுத்தியிருக்கிறார். ஸ்டியரிங் நெஞ்சில் அடித்துவிட்டது. மூன்று நாள் ஆஸ்பத்திரியில் இருந்தார். 25-ஆம் தேதி விடிகாலை போய்விட்டார்.

பதினாறாம் நாள்கூட ஆகவில்லை, சவரி வந்து வாசலில் நின்று கேட்கிறான், "வீட்ல யாராவது பிரேக்ல எண்ணெய் கிண்ணெய் ஊத்துனீங்களா மதினி?" என் மைத்துனர், அவர் பெண்டாட்டி, ஊர்ச்சனம் எல்லோரும் உட்கார்ந்திருக்கும்போது. தன் தப்பை மறைக்க என் வீட்டுக்குள் ஆள் தேடுகிறான். யாரும் தொடவில்லை என்றேன். பூசை செய்ததெல்லாம் சாமி காரியம், அதை இவனிடம் எதற்குச் சொல்ல வேண்டும்.

அடுத்த செவ்வாய் சந்தையில் வெங்காயக் கடை முன்னால் அவனைப் பார்த்தேன். என் புருஷனைக் கொன்றவன் இவன்தான், இவன் கையில் வண்டி விடாதீர்கள் என்று சத்தம் போட்டுச் சொன்னேன். அவன் ஒன்றும் பேசவில்லை. தப்பில்லாதவன் பேசாமல் இருப்பானா? எஸ்டேட் லாரிகள் அவனிடம் வருவதை நிறுத்தின. ஒரே வருஷத்தில் பட்டறையைத் தூக்கிக்கொண்டு கீழே ஐந்தாம் வளைவுக்குப் போய்விட்டான். மகள் கல்யாணத்துக்குப் பத்திரிகை கொண்டுவந்தான். வாசலிலேயே திருப்பிக் கொடுத்தேன்.

செப்டம்பர் 25, புதன்

கதிரேசனோடு பேசவில்லை. மழை.

செப்டம்பர் 30, திங்கள்

ரப்பர் செட் வந்துவிட்டது. மதுரையிலிருந்து வரவழைத்தேன் என்றான் கதிரேசன்.

பொட்டலத்தைப் பார்த்தேன். செய்தித்தாளை மூன்று மடிப்பாக மடித்து, வாழைநாரால் குறுக்கும் நெடுக்குமாகக் கட்டி, முடிச்சை மட்டும் பக்கவாட்டில் போட்டிருந்தது. அப்படி முடிச்சுப் போடுகிற ஆள் மதுரையில் இல்லை.

நான் ஒன்றும் கேட்கவில்லை. இருபத்தோரு நாள்தான் இருக்கிறது.

அக்டோபர் 5, சனி

வண்டி வீட்டுக்கு வந்தது. புது ரப்பர் போட்டு, நாலு சக்கரத்தையும் கழற்றி மாட்டியிருக்கிறார்கள். கதிரேசன் என்னை உட்கார வைத்து ஸ்கூல் வரை ஓட்டிக் காட்டினான். காலை வைத்ததும் நிற்கிறது. அவனுக்கே ஆச்சரியம். "இன்ஸ்பெக்டரே அசந்துருவாரும்மா" என்றான். அந்தச் சிரிப்பில் அவன் அப்பா தெரிந்தார். தோட்டத்தைப் பற்றிப் பேச்சை எடுக்கவில்லை. நானும் எடுக்கவில்லை.

அக்டோபர் 8, செவ்வாய்

பேத்தி தாரணி பூசை லீவுக்கு ஹாஸ்டலிலிருந்து வந்திருக்கிறாள். நர்சிங் இரண்டாம் வருஷம். வந்ததும் என் கையைப் பிடித்துப் பிரஷர் பார்த்தாள். கூடுதலாம். மனுஷர்கள் சரியாக இருந்தால் அது ஏன் கூடுகிறது என்றேன்.

அக்டோபர் 9, புதன்

சகுந்தலா அவள் அம்மா வீட்டுக்குத் தேனிக்குப் போனாள். பூசைக்கு வீட்டில் இருக்க மாட்டாள். போகட்டும். அவள் செய்கிற ஆயுத பூசை எனக்குத் தெரியாதா? வண்டி நெற்றியில் ஒரு பொட்டு, நாலு சக்கரத்துக்கு நாலு எலுமிச்சம்பழம், முடிந்தது. கூட்டிப் பெருக்குகிற விளக்குமாறுக்குக்கூட அதைவிட நன்றாகச் செய்வேன்.

அக்டோபர் 11, வெள்ளி. ஆயுத பூசை

முறைப்படி செய்தேன். அரிவாள், மண்வெட்டி, கவாத்துக் கத்தரி, காப்பிப் பழம் உரிக்கிற மிஷின், அம்மி, தாரணியின் ஊசி போடுகிற பெட்டி, எல்லாவற்றையும் கழுவித் துடைத்துச் சந்தனம் வைத்தேன்.

வண்டியைக் கதிரேசன் கழுவிவிட்டு, பொரிகடலை வாங்கப் போனான். பானட்டை நானே திறந்தேன், கம்பி வைத்து முட்டுக் கொடுத்தேன். அவர் செய்வதைப் பக்கத்தில் நின்று பார்த்தவள் நான். இந்த நாளில் எந்தப் பாத்திரமும் குறையாக இருக்கக் கூடாது. அரிசிப் பானை, உப்பு ஜாடி, விளக்கு, எல்லாம் தளும்ப இருக்க வேண்டும். வண்டிக்கும் அதுதான். மொத்தம் நாலு மூடி. ரேடியேட்டருக்குத் தண்ணீர், கண்ணாடி துடைப்பதற்குத் தண்ணீர், இன்ஜினுக்கு எண்ணெய். நாலாவது ஒரு சின்னக் கிண்ணம், ஓரமாக, கையளவுகூட இருக்காது. அதில் ஒரு விரல் குறைந்திருந்தது. மிஷினுக்குப் போடுகிற எண்ணெயை வெள்ளைத் துணியில் வடிகட்டி, தூசு தும்பு இல்லாமல், கழுத்துவரை ஊற்றி மூடினேன்.

அவர் காய்ச்சலில் படுத்திருந்த வருஷமும் இப்படித்தான் நான் செய்தேன். கட்டிலில் இருந்தபடியே "நாலும் பாத்தியா நாச்சி?" என்று கேட்டார். நாலும் நிறைச்சாச்சு என்றேன். நோட்டை எடுத்துத் தரச் சொல்லி எழுதினார்.

கற்பூரம் காட்டும்போது, ஐந்து வருஷம் கொடு என்று கேட்டேன். வேறொன்றும் கேட்கவில்லை.

அக்டோபர் 13, ஞாயிறு

மேல்மலைக் கோயிலுக்கு வண்டியில் போனோம். போகும்போது ஒன்றும் இல்லை. வரும்போது கதிரேசன் இரண்டு மூன்று தடவை முகத்தைச் சுளித்தான். பெடல் கட்டை மாதிரி இருக்கிறதாம். ஆக்ஸிலேட்டரை மிதித்தாலும், பின்னால் யாரோ பிடித்து இழுப்பது போல வண்டி தயங்குகிறதாம். இறங்கியபோது சக்கரத்திலிருந்து ஒரு கருகல் வாடை. கிட்டே கையைக் கொண்டுபோனேன், தோசைக்கல் போலச் சுட்டது. நாலு சக்கரமும்.

கொடுத்தவன் யாரென்று எனக்குத் தெரியாதா? செப்டம்பர் முப்பதாம் தேதி அடக்கியதை இன்று கேட்டுவிட்டேன். சவரியிடம்தானே வாங்கினாய் என்றேன். கதிரேசன் முகம் விழுந்துவிட்டது.

"காசுகூட வாங்கலம்மா அவரு. அண்ணன் வண்டின்னாரு."

காசு வாங்காமல் கொடுத்தால் இன்னும் மோசம். ஒருத்தரை எடுத்தது போதாதென்று இன்னும் ஆள் பார்க்கிறான் என்றேன். தாரணி எழுந்து உள்ளே போய்விட்டாள்.

அக்டோபர் 15, செவ்வாய்

வத்தலக்குண்டுப் பட்டறைக்குப் போன் போட்டுக் கேட்டான். புது ரப்பர் படிய நாளாகும், ஓட்ட ஓட்டச் சரியாகிவிடும் என்றார்களாம். சவரி கொடுத்த சாமான்தான் காரணம் என்றேன். மறுபடி சொன்னேன். எழுந்து தோட்டத்துக்குப் போனான்.

அக்டோபர் 17, வியாழன்

ஆர்.சி. புத்தகம், இன்சூரன்ஸ், புகைச் சான்று எல்லாவற்றையும் ஒரு பையில் போட்டு வைத்தேன். சாப்பிடும்போது, அவன் சாமானைக் கழற்றி எறிந்துவிட்டு வேறு போடு என்றேன். கதிரேசன் தட்டிலேயே கையைக் கழுவிவிட்டான்.

"இந்தா பாரும்மா. பதினோரு வருசமா ஒரே பாட்டு. இனிமே நீ சித்தப்பா பேரை எடுத்தா நான் காதுலயே வாங்கமாட்டேன். வாய் வலிக்கிறவரைக்கும் சொல்லு."

தேனியிலிருந்து திரும்பியிருந்த சகுந்தலா தட்டை எடுத்துக்கொண்டு உள்ளே போனாள். அதற்கும் அர்த்தம் தெரியும்.

அக்டோபர் 19, சனி, காலை

இன்று மத்தியானச் சாப்பாடு ஆனதும் கதிரேசன் வண்டியில் மலை இறங்குகிறான். தாரணியை ஹாஸ்டலில் விட்டு, திண்டுக்கல்லில் தங்கி, திங்கட்கிழமை இன்ஸ்பெக்டரிடம் காட்டுவது என்று ஏற்பாடு. நான் சொன்னால் நிறுத்த மாட்டான். ஆகவே நான் பதினொன்றரை பஸ்ஸில் ஐந்தாம் வளைவில் இறங்கப் போகிறேன். இவர்கள் யாருக்கும் சொல்லவில்லை, வத்தலக்குண்டுக்கு விதை வெங்காயம் பார்க்கப் போகிறேன் என்று சொல்லியிருக்கிறேன். பத்திரிகையைத் திருப்பிக் கொடுத்த நாளுக்குப் பிறகு அவன் முகத்தைப் பார்க்கவில்லை. இன்று பார்த்து, என்ன சாமானைக் கொடுத்தாய் என்று கேட்டு, அவன் வாயாலேயே ஒத்துக்கொள்ள வைத்து, வண்டி அந்த வழியாக வரும்போது கைகாட்டி நிறுத்தி, கதிரேசன் முன்னால் சொல்ல வைப்பேன்.

அதே நாள், சாயந்திரம்

வண்டி எட்டாம் வளைவுக்குக் கீழே நிற்கிறது. தாரணிக்கு ஒன்றும் இல்லை. கதிரேசனுக்கு ஒன்றும் இல்லை. இன்று இவ்வளவுதான் எழுத முடியும்.

அக்டோபர் 20, ஞாயிறு

நேற்று விட்டதை இன்று எழுதுகிறேன்.

மலையில் பஸ் ஒன்றரை மணி நேரம் தாமதமாக வந்தது. ஐந்தாம் வளைவில் இறங்கும்போது மணி ஒன்றேமுக்கால். சவரி ஒரு ஜீப்புக்கு அடியில் படுத்திருந்தான். என் காலைப் பார்த்திருக்கிறான், வெளியே வந்தான். தலை முழுக்க நரைத்துவிட்டது. கையைத் துடைத்துக்கொண்டு, "வாங்க மதினி" என்றான். நேற்றுத்தான் பார்த்தது போல.

ஸ்டூலைத் துடைத்துப் போட்டான். உட்காரவில்லை. வழியெல்லாம் அடுக்கி வைத்திருந்ததை அப்படியே கொட்டினேன். சந்தையில் சொன்னதைவிட அதிகமாகச் சொன்னேன். அவன் கோபப்படவில்லை. நடுவில் மட்டும் கேட்டான்.

"பெடல் மெத்துன்னு போகுதா, கட்டையா நிக்குதா?"

"கட்டை."

"எந்தச் சக்கரம் சுடுது?"

"நாலும்."

அவன் கையிலிருந்த ஸ்பானரை ஜீப் மேல் வைத்தான். என்னைப் பார்க்காமல் ரோட்டைப் பார்த்தபடி கேட்டான்.

"இந்த வருசம் ஆயுத பூசைக்கு வண்டிக்குச் செஞ்சது யாரு மதினி?"

நான்தான் என்றேன். வேறு யாருக்குத் தெரியும், நாலு மூடியும் நிறைத்தேன் என்றேன். சொல்லும்போது எனக்குப் பெருமையாகத்தான் இருந்தது.

"சின்ன மூடியில எதை ஊத்துனீங்க?"

மிஷின் எண்ணெய், துணியில் வடிகட்டியது என்றேன்.

அவன் சட்டென்று என் பக்கம் திரும்பினான். "வண்டி இப்ப எங்க இருக்கு?"

புறப்பட்டிருக்கும் என்றேன். தாரணியும் இருக்கிறாள் என்றேன். அவன் விறுவிறுவென்று சொன்னான். பிரேக்குக்கு வேறு எண்ணெயாம். மிஷின் எண்ணெய் பட்டால் உள்ளே இருக்கிற ரப்பரெல்லாம் ஊதிவிடுமாம். ஊதினால் பிரேக் பிடித்தது பிடித்தபடியே நிற்கும், சக்கரம் காயும். மேட்டில் தெரியாது. இறக்கத்தில் ஏழெட்டு வளைவு காய்ந்துகொண்டே வந்தால், உள்ளே எண்ணெய் கொதித்து, ஒரு வளைவில் மிதிக்கும்போது பெடல் ஒன்றும் பிடிக்காமல் உள்ளே போய்விடும்.

ஏழாம் வளைவு என்று அவன் சொல்லவில்லை. நானும் சொல்லவில்லை.

என் போனில் கதிரேசனைக் கூப்பிட்டேன். எல்லைக்கு அப்பால் என்றது. மறுபடியும் அப்படியே. மலையில் சில வளைவில்தான் டவர் கிடைக்கும். மூன்றாவது தடவை தாரணி எடுத்தாள். வண்டிச் சத்தம் கேட்டது.

வண்டியை நிறுத்தச் சொல்லு என்றேன். பிரேக் சரியில்லை என்றேன்.

அந்தப் பக்கம் கதிரேசன் குரல் கேட்டது, சலிப்போடு. தாரணி சொன்னாள், "அப்பத்தா, சவரி தாத்தா விசயம்னா ராத்திரி பேசிக்கலாங்கிறாங்க அப்பா. இங்க வளைவு வருது, வைக்கட்டுமா?"

வைத்துவிடுவாள். எனக்குத் தெரிந்தது. ஒரு வாரமாக, பதினோரு வருஷமாக நான் சொல்லி வந்தது அவர்கள் காதில் ஒரே சத்தமாகத்தான் விழுகிறது. இனி அதையே எவ்வளவு கத்திச் சொன்னாலும் வண்டி நிற்காது. சவரி என் எதிரிலேயே நின்றான்.

"வைக்காதடி. அப்பா காதுல விழுற மாதிரி வையி. கதிரேசா, சவரி மேல தப்பில்ல. சின்ன மூடியில மிசின் எண்ணெய நான் ஊத்தினேன். பூசையன்னிக்கு. ரப்பரு ஊதிப் போச்சு. அப்பாவுக்கும் நான்தான் ஊத்தினேன்."

வண்டிச் சத்தம் மட்டும் கேட்டது.

"அப்பாவுக்குமா?" என்றான்.

"ஆமா."

சவரி போனை வாங்கினான். "கதிரேசா, எங்கப்பா இருக்க? ஒம்பது தாண்டியாச்சா. சரி. பிரேக்கை நம்பாத. ரெண்டாவது கியருக்கு வா. வந்துட்டியா? ஒண்ணுக்கு வா. உறுமட்டும், பயப்படாத. ஹேண்ட் பிரேக்கைப் பல்லுப் பல்லா இழு, ஒரேயடியா இழுக்காத. மலைப் பக்கம் ஓடை இருக்கு பாரு, ரெண்டு சக்கரத்தையும் அதுக்குள்ள எறக்கு." அதோடு டவர் போய்விட்டது.

மேலே ஹாரன் சத்தம். நீளமாக, விடாமல். பிறகு நின்றது. அந்தச் சத்தம் நின்றதற்கும் தாரணியைக் கண்ணால் பார்த்ததற்கும் நடுவில் இருந்த நேரத்தைப் பற்றி நான் எழுதப் போவதில்லை.

சவரியின் பைக்கில் பின்னால் உட்கார்ந்து போனேன். என் வயசுக்கு அது முதல் தடவை. ஏழாம் வளைவில் சவுக்கு மரம் இன்னும் நிற்கிறது, பட்டையில் தழும்பு மூடாமல் இருக்கிறது. அதைத் தாண்டிக் கொஞ்ச தூரத்தில், எட்டாம் வளைவுக்குக் கீழே, வண்டி மலையை ஒட்டி ஓடைக்குள் சாய்ந்து நின்றது. நாலு சக்கரத்திலும் புகை. தாரணி ரோட்டோரத்தில் பையை மார்போடு கட்டிக்கொண்டு நின்றாள். கதிரேசன் இறங்கவே இல்லை. ஸ்டியரிங்கை விடாமல் உட்கார்ந்திருந்தான். கடைசியாக மிதித்தபோது பெடல் அடிவரை போய்விட்டதாம். அதை அவன் சவரியிடம் சொன்னான். என்னிடம் இல்லை.

இன்று காலை சவரி சர்ச்சுக்குப் போய்விட்டு நேராக வண்டிக்கு வந்தான். ஓடையிலிருந்து வண்டியை எடுத்து அவன் பட்டறைக்குக் கட்டி இழுத்துப் போனார்கள். நானும் போனேன். யாரும் கூப்பிடவில்லை. எல்லாவற்றையும் கழற்றி, குழாய் குழாயாகக் கழுவினான். உள்ளேயிருந்து எடுத்த ரப்பரைத் தட்டில் வைத்தான். ஊறின கொண்டைக்கடலை மாதிரி இரண்டு மடங்கு பருத்திருந்தது. பிறகு அலமாரியிலிருந்து ஒரு மாத்திரை டப்பாவை எடுத்தான். அதற்குள் ஒரு ரப்பர், பழையது, காய்ந்தது, இதே அளவு ஊதினது. பக்கத்தில் வைத்தான். எந்த வண்டியில் இருந்தது என்று நான் கேட்கவில்லை.

"அன்னிக்கே தெரியுமா?" என்று மட்டும் கேட்டேன்.

"கழட்டுனப்பவே தெரியும் மதினி."

"அப்புறம் எதுக்குடா வாயை மூடிக்கிட்டு இருந்த?"

அவன் கையிலிருந்த குழாயை ஊதி, வெளிச்சத்தில் பார்த்துவிட்டுச் சொன்னான். "ஆஸ்பத்திரியில அண்ணன் கேட்டாரு, இந்த ரப்பரைக் காட்டினேன். 'நோட்டுல கை போடாம விட்டிருக்கேன் சவரி, அது அப்படியே இருக்கட்டும்'னாரு. சாவு வீட்டுக்கு நான் வந்து கேட்டது தப்பு. அது என் பங்கு. அதுக்கு மேல நான் பேசல."

மலைமேல் பட்டறை போனதைப் பற்றி அவன் ஒன்றும் சொல்லவில்லை. மகள் கல்யாணத்தைப் பற்றியும் சொல்லவில்லை. அவனிடம் கடைசியாக ஒரு செட் ரப்பர் இருந்தது. அதையும் போட்டான்.

அக்டோபர் 21, திங்கள்

தாரணியை நேற்றே பஸ்ஸில் அனுப்பிவிட்டார்கள். காலையில் சவரி ஓட்ட, பக்கத்தில் கதிரேசன் உட்கார்ந்து போனார்கள். நான் சாமி விளக்கு ஏற்றவில்லை. எதைக் கேட்பது என்று தெரியவில்லை.

பன்னிரண்டரைக்குச் சகுந்தலாவுக்குப் போன் வந்தது. கேட்டுவிட்டு வைத்தாள். என்னிடம் திரும்பி, "பாஸாயிருச்சாம் அத்தே. இன்ஸ்பெக்டரு சடன் பிரேக் போட்டுப் பாத்தாராம், கோடு போட்ட மாதிரி நின்னுச்சாம்" என்றாள். இவ்வளவு நீளமாக அவள் என்னிடம் பேசி வருஷக்கணக்காகிறது.

சாயந்திரம் கதிரேசன் வந்தான். சாவியைச் சாமி அலமாரியில் வைத்தான். "உனக்கு இன்னும் அஞ்சு வருசம்" என்றான். தோட்டத்தைப் பற்றி ஒன்றும் சொல்லவில்லை. விற்றுக்கொள், கையெழுத்துப் போடுகிறேன் என்று நானே சொன்னேன். "பேச்சு பேச்சுதான். நீ எழுதி வச்சிருக்கேல்ல" என்று சொல்லிவிட்டுக் குளிக்கப் போனான். அதற்குப் பிறகு பேசவில்லை. எத்தனை நாள் பேசாமல் இருப்பான் என்று தெரியாது. அந்தக் குணம் அவனுக்கு என்னிடமிருந்து வந்தது.

பானட்டைத் திறந்து பார்த்தேன். சின்ன மூடியின் மேல் வெள்ளைப் பெயிண்ட்டில் 'தொடாதே' என்று எழுதியிருக்கிறது, கதிரேசன் கையெழுத்து. எனக்கு வாசிக்கத் தெரியும் என்பதை அவன் மறக்கவில்லை.

அக்டோபர் 22, செவ்வாய்

சந்தைக்குப் போனேன். அதே வெங்காயக் கடை, இப்போது மகன் உட்கார்ந்திருக்கிறான். அதன் முன்னால் நின்று, சவரிமுத்து என் புருஷனைக் கொல்லவில்லை, பிரேக்கில் தப்பான எண்ணெயை ஊற்றியது நான்தான் என்று அன்றைக்குச் சொன்ன அதே சத்தத்தில் சொன்னேன். நாலைந்து பேர் திரும்பிப் பார்த்தார்கள். கடைக்காரன் தராசை இறக்கிவிட்டு, "அதெல்லாம் யாருக்கு ஞாபகம் இருக்கு ஆத்தா, வெயில்ல நிக்காதீங்க" என்றான்.

நான் சொன்னது யாருக்கும் ஞாபகம் இல்லையாம். அவனிடம் வண்டி விடக் கூடாது என்பது மட்டும் இன்றைக்கும் மலை முழுக்கத் தெரிந்திருக்கிறது. ஆகவே அடுத்த செவ்வாயும் போவேன். அதற்கடுத்த செவ்வாயும்.

வீட்டுக்கு வந்து நீல நோட்டை எடுத்தேன். புதுப் பக்கத்தில் இருபதாம் தேதி போட்டு, கிலோமீட்டர் பார்த்து எழுதி, 'பிரேக் முழுக்கக் கழுவி ரப்பர் மாற்றியது. கை: சவரி' என்று எழுதினேன். பிறகு முந்தின பக்கத்தைத் திருப்பினேன். அவருடைய எழுத்து, காய்ச்சலில் கொஞ்சம் சாய்ந்திருக்கிறது. '13.10.2013. ஆயுத பூசை. நாலு மூடியும் பார்த்து நிறைத்தது. கை:' அதற்குப் பிறகு, ஒரு பெயர் எழுதுகிற அளவுக்கு இடம்.

அப்படியே இருக்கட்டும் என்று அவர் சொன்னாராம். அவர் பேச்சை நான் மீறியதில்லை.

பேனாவை அழுத்தி எழுதினேன். நாச்சம்மாள்.